கினிகத்தேனைக்கு மேலேயும் வீதி இருக்கிறது: விளக்கு விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வாகன விளக்கு விதிகளை வகுக்கும் குழுவினருக்கு,

கடந்த மாதம் கொழும்பில் நீங்கள் நடத்திய கருத்துக் கேட்கும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். மலைநாட்டு அட்டனிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்திருந்தேன். சாரதி இல்லாமல் ஓடும் வாகனங்களும் பாதி தானாக ஓடும் வாகனங்களும் நாட்டுக்குள் வரும்போது அவற்றின் வெளி விளக்குகள் எப்படி இருக்கவேண்டும் என்று முக்கால் மணி நேரம் திரையில் படம் காட்டினீர்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, "பனிமூட்டத்தில் இந்த விளக்கு எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?" என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "முதலில் அதிவேகப் பாதைக்கும் கொழும்புக்கும் பார்ப்போம், மலைநாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அதோடு தேநீர் இடைவேளை. தேநீர் நன்றாகவே இருந்தது. எங்கள் பக்கத்துக் கொழுந்தாகத்தான் இருக்கும்.

அந்த "அப்புறம்" என்ற சொல்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. கொழும்பில் பதிவு செய்த கார், அட்டனுக்கு ஏறும் வழியில் உள்ள கினிகத்தேனையில் நின்றுவிடுவதில்லை. சனிக்கிழமை காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நுவரெலியாவில் நிற்கும். ஏப்ரல் சீசனில் எங்கள் ரோட்டில் ஓடுவதில் பாதிக்கு மேல் கீழ்நாட்டு வாகனம். கீழே ஒரு விதி எழுதினால் அது மேலேயும் வந்துவிடும். எழுதும்போது எங்களைக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் மிச்சம்.

நான் பதினெட்டு வருடமாக அட்டனில் சாரதிப் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் கொழுந்து லொறி ஓட்டினேன். அப்பாவும் கொழுந்து லொறி சாரதிதான். அவர் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே எதிரே வரும் லைட் என்ன சொல்கிறது என்று கற்றுக்கொடுத்தார். நான் லொறியின் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து சொல்லவேண்டும்: "நிக்கச் சொல்றான்", "வரச் சொல்றான்", "பின்னால இன்னொரு வண்டி வருதுன்னு சொல்றான்". தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு தட்டு.

எழுத்துப் பரீட்சையில் வராத பாடம் அது. நீங்கள் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ரோட்டில் ஹெட்லைட்டை இரண்டு தரம் படபடவென்று அடித்தால், "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். வண்டியின் வேகத்தைக் குறைத்து, லைட்டை ஒரு தரம் மெதுவாக உயர்த்தி இறக்கினால், "நான் நிற்கிறேன், நீ வா". இரவில் முழுதாக நின்று ஹெட்லைட்டை அணைத்து பார்க் லைட்டோடு இருந்தால், வழியை உனக்கே விட்டுவிட்டேன் என்று பொருள், அதற்கு மேல் சந்தேகம் வேண்டாம். முன்னால் ஏறுகிற லொறி இடது சிக்னல் போட்டால் முந்திப் போகலாம். வலது சிக்னல் போட்டால் அவன் வலது பக்கம் திரும்பப் போகிறான் என்று நினைக்கக்கூடாது. அங்கே திரும்புவதற்குப் பாதையே இருக்காது, பள்ளம்தான் இருக்கும். எதிரே வண்டி வருகிறது, வெளியே எடுக்காதே என்கிறான். லைட் சரியில்லாத லொறியில் கிளீனர் பையனின் கைதான் சிக்னல். வளைவுக்கு முன்னால் ரோட்டில் பச்சைக் கொப்பு ஒடித்துப் போட்டிருந்தால், அந்தப் பக்கம் வண்டி பழுதாகி நிற்கிறது. அப்புறம், பகல் வெளிச்சத்தில் எதிரே வருகிறவன் காரணமே இல்லாமல் லைட் அடித்தால் கீழே பொலிஸ்காரர் நிற்கிறார். இதை நான் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் பிள்ளைகள் எப்படியோ தெரிந்துகொள்கிறார்கள்.

இதில் முக்கியமானது ஒன்று. இவை எல்லாமே பேச்சு. ஒருவன் சொன்னால் மற்றவன் பதில் சொல்வான். பதில் வராவிட்டால் நாங்கள் நகரமாட்டோம். நீங்கள் திரையில் காட்டியதில் வாகனம் பேசுவது மட்டும்தான் இருந்தது. எதிரே இருப்பவன் சொல்வதை அது எப்படிக் கேட்கும் என்பதற்கு ஒரு படம்கூட இல்லை.

இனி தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் ரோடுகள் எப்படிக் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவே ஓரிடத்தில் ரோட்டின் பாதி சரிந்து, மிச்சம் ஒரு வண்டி போகிற அகலம்தான் இருந்தது. தார் பீப்பாய் மூன்றை வைத்துச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஆறரை இருக்கும். தூறல், அதோடு பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எல் போர்ட் காரை ஓட்டியது என்னிடம் படிக்கும் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை. நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னால் மரக்கறி ஏற்றப் போகும் லொறி ஒன்று.

மேலே வளைவில் ஒரு காரின் லைட் தெரிந்தது. தூரத்துக்கு அடிக்கும் ஹை பீம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மெதுவாக டிப்புக்கு, அதாவது தாழ்ந்த ஒளிக்கு, இறங்கியது. உயர்த்தி இறக்கிய லைட். அதோடு, மலை ரோட்டில் ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் இடம் விடவேண்டும். நான் கற்றுக்கொடுத்தபடியே அந்தப் பிள்ளை பதிலுக்கு ஒரு தரம் லைட் அடித்துவிட்டுப் பீப்பாய்களைத் தாண்டி உள்ளே எடுத்தது. நானும் தடுக்கவில்லை. தடுக்கக் காரணமே இல்லை.

எதிரே வந்த கார் நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே அதுவும் உள்ளே நுழைந்தது. சரிவின் நடுவில் இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்காக நின்றபோது இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். எங்களுக்குப் பின்னால் லொறி. இடது பக்கம் மண்சுவர், வலது பக்கம் சிவப்பு நாடா, நாடாவுக்கு அப்பால் ஒன்றுமில்லை. அந்தக் காரைப் பின்னால் எடுக்க வைப்பதற்கு இருபது நிமிடம் ஆனது. லொறிக் கிளீனர் பையன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து, டயர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு அடியாகச் சொன்னான்.

காரில் வந்தவர் நல்ல பையன். இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். "அண்ணே, நான் லைட்ல கையே வைக்கல. எதிர வண்டி வந்தா அது தானா குறைக்கும்" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கமரா எதிரே வெளிச்சத்தைக் கண்டால் ஹை பீமைத் தானாக இறக்குகிறது, வெளிச்சம் மறைந்தால் தானாக ஏற்றுகிறது. நேரான ரோட்டில் நல்ல வசதிதான். எங்கள் ரோட்டில் ஐம்பது மீற்றருக்கு ஒரு வளைவு. எதிரே வரும் வண்டி தெரியும், மறையும், மறுபடி தெரியும். அந்தக் கார் வழி முழுக்க எல்லோரிடமும் "நீ வா, நீ வா" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. தான் பேசுவது அதற்கும் தெரியாது, உள்ளே இருந்தவருக்கும் தெரியாது.

திரும்பும் வழியில் அந்தப் பிள்ளை கேட்டது: "சேர், அவர் வரச் சொல்லித்தானே லைட்டை இறக்கினார்? நான் செய்ததில என்ன பிழை?" பிழை ஒன்றும் இல்லை என்றேன். மூன்று நாள் அது பயிற்சிக்கு வரவில்லை.

இது சாரதியில்லாத வாகனம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு வேலையை, லைட்டை ஏற்றி இறக்கும் வேலையை மட்டும், தானாகச் செய்யும் சாதாரண கார். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு இப்படியான கார்கள் நிறைய வந்துவிட்டன. எதிர்காலத்துக்கு விதி எழுதுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எங்களுக்கு அது போன தை மாதமே வந்துவிட்டது.

அடுத்தது உங்கள் நீலப்பச்சை விளக்கு. கூட்டத்தில் அதைத்தான் அதிகம் புகழ்ந்தீர்கள். நானும் தேடிப் படித்தேன். வாகனம் தன்னைத் தானே ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவிக்கும் விளக்கு. அமெரிக்காவின் மோட்டார் பொறியியலாளர் சங்கம் இதற்கென்று ஒரு பரிந்துரையே வைத்திருக்கிறது. மெர்சிடிஸ் நிறுவனத்துக்கு 2023 டிசம்பரில் கலிபோர்னியாவும் நெவாடாவும் இந்த விளக்கைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தன. முன் விளக்கிலும் பின் விளக்கிலும் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் எரியும். அந்த நிறத்தைத் தெரிந்தெடுத்ததற்கும் நல்ல காரணம் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சந்தி விளக்குக்குப் போய்விட்டன, நீலம் பொலிஸுக்கும் அம்புலன்ஸுக்கும் போய்விட்டது, வேறு எவரும் ரோட்டில் பயன்படுத்தாத நிறம் இதுதான் என்கிறார்கள்.

ஐயா, அந்தக் காரணம் கலிபோர்னியாவுக்குச் சரி. அட்டன் பஸ் நிலையத்தில் இரவு ஏழு மணிக்கு வந்து நின்று பாருங்கள். ஆட்டோவின் அடியில் நீலப்பச்சை எல்ஈடி, தனியார் பஸ்ஸின் முன்கண்ணாடியில் முருகன் படத்தைச் சுற்றி நீலப்பச்சை எல்ஈடி, வேனின் நம்பர் தகட்டுக்கு மேலே அதே எல்ஈடி. 2025 தொடக்கத்தில் இப்படியான மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் பொலிஸார் கழற்றச் சொன்னபோது பஸ் சங்கங்கள் எதிர்த்ததை நாடே பார்த்தது. கழற்றியவர்களில் எத்தனை பேர் மறுபடி மாட்டினார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் மச்சான்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆட்டோ இருக்கிறது. எவரும் பயன்படுத்தாத நிறம் என்று எங்கள் ஊரில் ஒன்று கிடையாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் அர்த்தத்தில் இருக்கிறது. மெர்சிடிஸில் அந்த விளக்கு எரிந்தால் ஓட்டுவது கார், உள்ளே இருப்பவர் ரோட்டைப் பார்க்கவேண்டியதில்லை. அதுவும் தெளிவான காலநிலையில், அதிவேகப் பாதையில், நெரிசலில் வாகனங்கள் ஊர்ந்து போகும்போதுதான். சீனாவிலோ பல நிறுவனங்கள் இதே நிற விளக்கை, சாரதிக்கு உதவி மட்டும் செய்யும் முறை இயங்கும்போதும் எரிய விடுகின்றன. அங்கே பொறுப்பு இன்னும் சாரதியின் கையில்தான், அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். ஒரே நிறம், ஒன்றுக்கு அர்த்தம் "உள்ளே எவரும் பார்க்கவில்லை", மற்றதற்கு அர்த்தம் "உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்". நாங்களோ இரண்டு பக்கத்திலிருந்தும் இறக்குமதி செய்கிற நாடு. எதிரே நீலப்பச்சை தெரிந்தால் என்னிடம் படிக்கிற பிள்ளைக்கு நான் என்னவென்று சொல்லிக்கொடுப்பது? அந்தக் கூட்டத்தில் இதற்குப் பதில் இருக்கவில்லை. கேள்வியே இருக்கவில்லை.

சரி, பனிக்கு வருவோம். ஆனி பிறந்தால் லிந்துலையிலிருந்து நுவரெலியா வரைக்கும் பகல் பதினொரு மணிக்கும் லைட் போட்டு ஓடும் நாட்கள் உண்டு. ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவரில் அடித்ததுபோல நம் முகத்துக்கே திரும்பி வரும். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் எந்த நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் லைட் பனியைத் துளைக்கும் என்று எங்கள் லொறிக்காரர்கள் சத்தியம் செய்வார்கள், உண்மையில் தாழ்வாகப் பொருத்தியிருப்பதும் அகலமாகப் பரவுவதும்தான் அதிகம் உதவுகிறது. அப்படியான பனியில் ஹெட்லைட்டை ஒட்டி எரியும் ஒரு சின்ன நீலப்பச்சை விளக்குக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஹெட்லைட்டின் வெள்ளைப் புகைக்குள் கரைந்துவிடும். நிறம் தெரியும் தூரத்துக்கு வரும்போது வண்டி ஏற்கெனவே நம் மடியில் இருக்கும்.

நாங்கள் பனியில் நான்கு சிக்னலையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். அதுவும் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஹசாட் எரியும்போது திரும்பும் சிக்னல் காணாமல் போகிறது. நான் பிள்ளைகளிடம் அப்படிச் செய்யாதே என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களில் பெரும்பாலும் பின்பக்கப் பனி விளக்கே இல்லாதபோது அவர்கள் வேறு எதைப் போடுவார்கள்? ஐரோப்பியக் காருக்கு அது கட்டாயம். உங்கள் நாற்பது ஐம்பது பக்கப் படங்களில் இந்த எளிய சிவப்பு விளக்கு ஒரு தரமாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

பிரேக் லைட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இறம்பொடை இறக்கத்தில் நல்ல சாரதி பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வரமாட்டான், கியரைக் குறைத்து எஞ்சினில் பிடித்து இறங்குவான். அப்போது பின்னால் சிவப்பு எரியாது. அதனால்தான் பழைய சாரதிமார் இடைக்கிடை கால் நுனியால் பிரேக் மிதியை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். வண்டி அதனால் நிற்காது. பின்னால் வருகிறவனுக்கு "மெதுவாகப் போகிறேன், பார்த்து வா" என்று சொல்வதற்காக மட்டும். அதோடு, கீழ்க் கியரில் இறங்கும் லொறியின் இரைச்சல் ஒரு வளைவுக்கு முன்பே கேட்கும்.

மின்சாரக் காருக்கு இரைச்சல் இல்லை. எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் திருப்பிப் பிடித்து மின்கலத்தை நிரப்புகிறது. அப்படிப் பிடிக்கும்போது பிரேக் லைட் எப்போது எரியவேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் விதி இருக்கிறது. ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 1.3 மீற்றருக்கு மேல் குறைந்தால் கட்டாயம் எரியவேண்டும். 0.7 க்கும் 1.3 க்கும் நடுவே என்றால் எரியலாம், விடலாம். 0.7 ஐத் தாண்டாவிட்டால் எரியக்கூடாது. சமதரையில் எழுதிய கணக்கு அது. இறக்கத்தில் கார் மணிக்கு இருபது கிலோமீற்றரில் அப்படியே பிடித்துக்கொண்டு இறங்கினால் வேகம் குறையவே இல்லை, அதனால் லைட்டும் எரியாது. பின்னால் நாற்பதில் வருகிறவனுக்குப் பனிக்குள் இரண்டு சின்னப் பின் விளக்கு மட்டும்தான் தெரியும், அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. மனிதன் ஓட்டினால் கால் நுனியால் தட்டுவான். இயந்திரம் ஓட்டும்போது அந்த இரண்டு தட்டை யார் தட்டுவது?

2025 மே 11 அன்று கொத்மலை, கரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 23 பேர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய ரோட்டில் 15 பேர். இவற்றுக்கு விளக்குதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, சொல்வதற்கு எனக்கு உரிமையும் இல்லை. கீழ்நாட்டில் ஒரு தடுமாற்றம் வயலில் போய் முடியும், எங்கள் ரோட்டில் அது எங்கே போய் முடியும் என்பதை ஞாபகப்படுத்தவே எழுதுகிறேன்.

நடந்து போகிறவர்களைப் பற்றி ஒரு காணொளி காட்டினீர்கள். போர்ட் கார் நிறுவனம் 2017 இல் வேர்ஜீனியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து நிறுவனத்தோடு சேர்ந்து செய்த சோதனை. கார் சீட் மாதிரியே தைத்த உறைக்குள் சாரதியை ஒளித்துவைத்து, முன்கண்ணாடிக்கு மேலே ஒரு விளக்குப் பட்டையைப் பொருத்தி, தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு வெள்ளை விளக்கு பக்கத்துக்குப் பக்கம் அசைந்தால் வழிவிடுகிறது, வேகமாக மின்னினால் புறப்படப் போகிறது, நிலையாக எரிந்தால் தானாக ஓடுகிறது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்ல யோசனை, நல்ல சோதனை. டெக்சாஸில் ஓடிய செம்மஞ்சள் வேன்களையும் காட்டினீர்கள், "நீங்கள் கடக்கும்வரை காத்திருக்கிறேன்" என்று பலகையில் எழுத்துக் காட்டுமாம்.

என் அம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். காலை ஏழு மணிக்கு, நனையாமல் இருக்க இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிறு இழுக்க, பனிக்குள் ரோட்டைக் கடந்து மலைக்கு ஏறுவார். ஒரு கையில் கத்தி, மற்றக் கையில் சாப்பாட்டுப் பெட்டி. நடைபாதை என்று ஒன்று கிடையாது, வெள்ளைக்கோடும் கிடையாது. வண்டியின் லைட் தாழ்ந்து, சத்தம் குறைந்தால் கடப்பார். சாரதியின் முகம் தெரிந்தால் தலையை ஆட்டுவார், அவனும் ஆட்டுவான். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பலகை எந்த மொழியில் இருக்கும்? எங்கள் ஊரில் இன்னும் தமிழில் எழுதாத பஸ் பெயர்ப்பலகைகள் ஓடுகின்றன. அதோடு, ஒரு வண்டி "கடந்து போ" என்று சொல்லி, அம்மா அதை நம்பிக் கடக்கும்போது, அந்த வண்டியை முந்திக்கொண்டு இன்னொன்று வந்தால்? வாகனம் தன் நோக்கத்தை மட்டும் சொல்லட்டும், மற்றவருக்கு உத்தரவு போடவேண்டாம் என்று இத்துறையிலேயே பலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. வேகத்தை முன்கூட்டியே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறைப்பதைப்போல ஒரு நல்ல சிக்னல் வேறில்லை.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும், ரேஸ் ஓடும் பஸ்ஸையும், கைபேசியில் பேசிக்கொண்டே வளைவில் திருப்புகிறவனையும் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். அவர்களைவிட இயந்திரம் நன்றாக ஓட்டும் நாள் வரலாம், வந்தால் எனக்குத் தொழில் போனாலும் பரவாயில்லை. ஆனால் நான் ஒரு பிள்ளைக்கு அனுமதிப்பத்திரம் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் அது லொறியின் வலது சிக்னலைப் புரிந்துகொள்கிறதா என்று பார்க்கிறேன். இயந்திரத்திடமும் அதையே கேட்கச் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் இவற்றைக் கேட்கிறேன்.

வரைவை இறுதி செய்வதற்கு முன்னால் அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு கூட்டம் வையுங்கள். ஆனி, ஆடி மாதத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு வையுங்கள், ஹோட்டல் மண்டபத்துக்குள் முழு நேரமும் இருக்காமல் ஒரு மணி நேரம் ரோட்டோரம் நில்லுங்கள். லொறிச் சாரதிமார், பஸ் சாரதிமார், ஆட்டோக்காரர்கள், கொழுந்து எடுக்கும் பெண்கள், பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோரைக் கூப்பிடுங்கள். வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மாதத்துக்கு முன்பே வெளியிடுங்கள். கொழும்பில் நீங்கள் தந்தது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது.

நீலப்பச்சை விளக்குக்கு இந்த நாட்டில் ஒரே ஓர் அர்த்தம் இருக்கவேண்டும். ஓட்டும் பொறுப்பு முழுதாக இயந்திரத்திடம் இருக்கும்போது மட்டும் எரியட்டும். அந்த விதி வர்த்தமானியில் வரும்வரை, இறக்குமதியாகும் கார்களில் அந்த விளக்கு எரியாதபடி செய்துவிட்டே பதிவு கொடுங்கள். விதி வந்த பிறகு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அந்த நிறத்தைத் தடை செய்யுங்கள். என் மச்சான்மார் என்னை ஏசுவார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எந்த வெளி விளக்குக்கு அனுமதி கொடுத்தாலும், மலைநாட்டுப் பனியில் ஹெட்லைட் எரியும்போது அது எத்தனை மீற்றரில் தெரிகிறது என்று அளந்து, அந்த அளவை வெளியிடுங்கள். பின்பக்கப் பனி விளக்கை இறக்குமதி நிபந்தனையாக்குங்கள்.

தானாக ஏறி இறங்கும் ஹை பீமை சாரதி ஒரே பொத்தானில் நிறுத்தக்கூடியதாக இருக்கவேண்டும், அதை மலை ரோட்டில் நிறுத்திவைக்கவேண்டும் என்பதை வீதி ஒழுங்கில் சேருங்கள், எழுத்துப் பரீட்சையிலும் கேளுங்கள். மோட்டாரால் பிடித்து இறக்கத்தில் இறங்கும் வாகனம், வேகம் குறையாவிட்டாலும், பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்படி ஏதாவது ஒரு சிவப்புச் சைகை காட்டவேண்டும். அது எப்படி என்பதை உங்கள் பொறியியலாளர்கள் சொல்லட்டும், ஆனால் இறம்பொடையில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எழுத்துக் காட்டும் பலகைகளுக்கும், நடந்து போகிறவரைக் "கட" என்று சொல்லும் சைகைகளுக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

மற்றவர்களின் சைகையைப் புரிந்துகொள்கிறது என்று நிரூபிக்காத எந்தச் சாரதியில்லா வாகனத்தையும் கினிகத்தேனைக்கு மேலே விடாதீர்கள். பார்க் லைட்டுக்கு இறங்கி நிற்கும் லொறி, வலது சிக்னல், கிளீனர் பையனின் கை, ரோட்டில் கிடக்கும் பச்சைக் கொப்பு, இந்த நான்கையாவது சோதனையில் வையுங்கள். சோதனைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன், கொப்பையும் நானே ஒடித்துக்கொண்டு வருகிறேன்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், தமிழில் வேண்டும், அடுத்த பனிக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வேண்டும்.

இப்படிக்கு,
அட்டனிலிருந்து ஒரு சாரதிப் பயிற்றுநர்